மேப்பில் இல்லாத வண்டிகள்: சென்னை, பெங்களூரு போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு ஷேர் ஆட்டோ ரூட் எப்படித் தெரியும்?

தக்காளி மண்டி (பாலக்கோடு) | ஞாயிறு, காலை 8:12

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிற கூட்டம் எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கட்டட வேலை, கம்பெனி வேலை, நர்ஸிங், ஐடி என்று எல்லாம் உண்டு. எல்லோர் கையிலும் போன், அதில் கூகுள் மேப். பாலக்கோட்டிலிருந்து சென்னைக்கு வழி கேட்டால் சொல்கிறது. அங்கே இறங்கியபிறகு எந்த நம்பர் பஸ், எந்த மெட்ரோ என்பதையும் சொல்கிறது. கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர் வரும்போதுதான் கையை விரித்துவிடுகிறது. நடந்து போ என்கிறது, இல்லாவிட்டால் தனி ஆட்டோ. அதே ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். மேப்பில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை.

என் சித்தி மகளுக்கு மேடவாக்கம் பக்கம் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிப்ட் டூட்டி. சென்னை அவளுக்குப் புதிது. மாதச் சம்பளத்தில் தனி ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது.

இரண்டு கேள்வி. ஒன்று, வெளியூரில் இருப்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இரண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் ஓடுகிற ஷேர் ஆட்டோ, மினி பஸ் ரூட்டையாவது நாமே மேப்பில் ஏற்ற முடியுமா? வேறு ஊரிலிருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இதே கஷ்டம்தானே.

---

ராயக்கோட்டை ரயிலடி | ஞாயிறு, காலை 8:40

தம்பி, இதற்கு மேப் எதற்கு? இறங்கின இடத்தில் ஒரு டீக்கடையில் கேட்டால் போதும். எந்த வண்டி, எங்கே நிற்கும், எவ்வளவு வாங்குவான், எல்லாம் சொல்லிவிடுவார்கள். பெங்களூரில் பல வருஷம் வேலை பார்த்தேன். சந்தாபுரா, ஆனேக்கல், ஜிகனி என்று சுற்றாத இடமில்லை, எல்லாம் வாயால் கேட்டுப் போனதுதான். போனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி தெரியாது.

---

அரூர் டீச்சர் | ஞாயிறு, காலை 9:25

ரயிலடி அண்ணா, கேட்டுப் போவது நல்ல பழக்கம்தான். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்கு ஷிப்ட் முடித்து வருகிற பெண், முன்பின் தெரியாத முக்கில் நின்று நாலு ஆண்களிடம் வழி கேட்க வேண்டும் என்றால் அது வேறு விஷயம். "நான் ஊருக்குப் புதுசு" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மாதிரி ஆகிவிடும். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஏற வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். என்னிடம் படித்த பெண்கள் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் போன் செய்து சொல்வது சம்பளத்தையோ சாப்பாட்டையோ பற்றி இருக்காது. போக்குவரத்தைப் பற்றித்தான் இருக்கும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மேப் ஒரே ரூட்டில் மூன்று பஸ் காட்டும். அதில் எது இலவசம், எது டீலக்ஸ் என்று நான் பார்த்த வரையில் காட்டுவதில்லை. பதினைந்தாயிரம் சம்பளக்காரிக்கு அந்த வித்தியாசம் மாதக் கடைசியில் தெரியும்.

---

நான்கு ரோடு (தர்மபுரி) | ஞாயிறு, காலை 10:03

என் தம்பிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. டீக்கடையில் கேட்டுக்கொள் என்று அவனிடம் சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோக்காரர் "சிப்காட், சிப்காட்" என்று கூவுவதும் அவனுக்குக் கேட்காது. கண்ணாடியில் அட்டை மாட்டியிருந்தால் பார்த்து ஏறுவான். பாதி வண்டியில் அட்டையே இருக்காது. ஒரு பேப்பரில் இடத்தின் பெயரை எழுதிக் காட்டித்தான் ஏறிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு மேப்தான் எல்லாம். பஸ் எங்கே வருகிறது, தான் எங்கே இருக்கிறோம், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று நீலப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். ஷேர் ஆட்டோவும் அதில் வந்தால் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத்தான் தெரியும்.

---

ராயக்கோட்டை ரயிலடி | ஞாயிறு, காலை 10:15

நீங்கள் சொன்னது சரி. அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. தம்பிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

---

தென்பெண்ணை (ஊர் கிருஷ்ணகிரி, இப்போது பெங்களூரு) | ஞாயிறு, மதியம் 12:48

நல்ல இழை. ஓய்வு நேரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (பொதுமக்களே சேர்ந்து உருவாக்குகிற திறந்த மேப்) வேலை செய்கிறவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேப்பில் பஸ் எப்படி வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பஸ்ஸைக் கூகுள் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. போக்குவரத்துக் கழகங்கள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் தரவைக் கொடுக்கின்றன. அந்த வடிவத்துக்கு ஜிடிஎஃப்எஸ் என்று பெயர். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஆரம்பித்தது. உள்ளே பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான்: நிறுத்தங்கள் ஒரு கோப்பு, ரூட்டுகள் ஒரு கோப்பு, எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது ஒரு கோப்பு. ஷேர் ஆட்டோவுக்குக் கழகம் கிடையாது, டைம் டேபிள் கிடையாது, பலகை வைத்த நிறுத்தமும் கிடையாது. கொடுப்பதற்கு ஆள் இல்லாததால் மேப்பில் இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் கிடையாது. நைரோபியில் மட்டாட்டு என்ற தனியார் வேன்கள்தான் ஊரையே சுமக்கின்றன. அவற்றுக்கும் மேப் இருந்ததில்லை. 2012-ல் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி வண்டியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு ரூட்டையும் ஜிபிஎஸ்ஸில் பதிந்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்கள் கூட நின்றன. திட்டத்தின் பெயர் டிஜிட்டல் மட்டாட்டூஸ். 2014 ஜனவரியில் லண்டன் சுரங்க ரயில் படத்தைப் போலக் கலர் கலரான கோடுகளுடன் ஒரு காகித மேப் வெளியிட்டார்கள். அதை நகர நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. 2015-ல் அதே தரவு கூகுள் மேப்பிலும் வந்தது.

பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஜீப்னி என்ற ஷேர் வண்டி ஓடுகிறது. 2013-ல் அங்கே அரசு திறந்துவிட்ட தரவை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். சகாய் என்ற வழிகாட்டிச் செயலி அதிலிருந்து பிறந்ததுதான், ஜீப்னியையும் சேர்த்தே வழி சொல்கிறது. மெக்சிகோ நகரம் 2016-ல் இதை ஒரு விளையாட்டாகவே நடத்தியது. மினி பஸ்ஸில் ஏறி ரூட்டைப் பதிந்தால் புள்ளி, அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு. பொலிவியாவில் கோச்சபம்பா என்ற ஊரில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ரூட்டுகளை ஏற்றி, ட்ரூஃபி என்ற செயலியையே உண்டாக்கிவிட்டார்கள். அந்த நிரல் இன்று யாருக்கும் இலவசம்.

டைம் டேபிள் இல்லாத வண்டியை எப்படி ஏற்றுவது என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. காலை 6 முதல் 9 வரை ஏறக்குறைய ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, மத்தியானம் இருபது நிமிஷத்துக்கு ஒன்று என்று இடைவெளியை மட்டும் கொடுத்தால் போதும். ரூட்டில் எங்கே கை காட்டினாலும் நிற்கும் என்பதையும் குறிக்கலாம். ஷேர் ஆட்டோ ஓடுகிற விதத்துக்கு இது பொருந்துகிறது.

பெங்களூரு பற்றி: 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்தபிறகு, ஓசூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வரை போகலாம். மேப் அதைச் சரியாகக் காட்டுகிறது. அந்த ஸ்டேஷனுக்கு வெளியே, தொழிற்பேட்டைக்குள் போவதற்குத்தான் மறுபடியும் நடை.

---

தக்காளி மண்டி | ஞாயிறு, மதியம் 1:20

அண்ணா, அப்படியென்றால் கூகுள் மேப்பில் நாமே ரூட்டைச் சேர்க்க முடியாதா? என் மளிகைக் கடையை நான்தான் சேர்த்தேன்.

---

தென்பெண்ணை | ஞாயிறு, மதியம் 1:41

கடையைச் சேர்க்கலாம். ரூட்டை முடியாது. இயக்குகிற நிறுவனமோ, பொறுப்பேற்கிற ஓர் அமைப்போதான் கொடுக்க வேண்டும். 2018 டிசம்பரில் டெல்லியில் ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும் என்று காட்ட ஆரம்பித்தார்கள், 2019-ல் பஸ்ஸும் ஆட்டோவும் கலந்த வழியும் வந்தது. ஆனால் அது மீட்டர் போட்டுப் போகிற தனி ஆட்டோ. ஷேர் ஆட்டோ அதில் சேராது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஷேர் டாக்ஸி ரூட் என்று தனி வகையே இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கூகுள் மேப்பைப் பார்த்து அதில் வரையக் கூடாது, உரிமைச் சிக்கல். நாமே போய்ப் பார்த்ததை மட்டும்தான் ஏற்ற வேண்டும்.

---

மூணு சக்கரம் (ஓசூர்) | ஞாயிறு, மாலை 4:30

நான் ஓசூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். பஸ் ஸ்டாண்டு, சிப்காட், மூக்கண்டப்பள்ளி பக்கம். எல்லோரும் நல்ல மனதோடு பேசுகிறீர்கள், ஆனால் வண்டி ஓட்டுகிறவனை யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பர்மிட் கான்ட்ராக்ட் கேரேஜ். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஒருவர் வண்டியை வாடகைக்கு எடுத்தால் அவரை ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். தனித்தனி ஆளுக்குத் தனித்தனிக் காசு வாங்கி, வழியில் ஏற்றி இறக்குவது பஸ்ஸுக்கான ஸ்டேஜ் கேரேஜ் வேலை. எங்கள் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. கம்பெனி ஷிப்ட் நடக்க வேண்டும், அதனால் பல நேரம் கண்டுகொள்ள மாட்டார்கள். சில நேரம் நிறுத்தி அபராதம் போடுவார்கள். நீங்கள் மேப்பில் கோடு போட்டு, நிறுத்தம் என்று புள்ளியும் வைத்துவிட்டால், "இதோ பார், நீயே ரூட் ஓட்டுகிறாய்" என்று காட்ட அதுவே போதும். கோடு போட்டவர் வீட்டில் இருப்பார், வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்.

அடுத்தது, ரூட் என்று நீங்கள் சொல்வது நிலையாக இருக்காது. விடியற்காலை ஷிப்டுக்கு நேராகக் கம்பெனி கேட் வரை போவேன். பத்து மணிக்கு மேல் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போவேன், அங்கேதான் ஆள். மத்தியானம் ஒருவர் இருவரை வைத்துக்கொண்டு கடைசி வரை போனால் கேஸுக்கே காணாது, பாதியில் திரும்பிவிடுவேன். ஸ்டாண்டில் முறை உண்டு. முன்னால் நிற்கிற வண்டி நிரம்பினால்தான் பின்னால் இருப்பவன் ஆள் ஏற்றலாம். மேப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து "ஐந்து நிமிஷத்தில் வண்டி என்று போட்டிருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய பயம். எந்த நேரத்தில் எந்த ரூட்டில் எவ்வளவு ஆள் என்பது எங்கள் தலைக்குள் இருக்கிறது. வருஷக்கணக்கில் பெட்ரோலும் கேஸும் ஊற்றிக் கற்றுக்கொண்டது. அதை இலவசமாக மேப்பில் போட்டால், நாளைக்குப் பணம் உள்ள ஒருவன் அதே ரூட்டில் ஏசி வேன் விடுவான். ஆதாயம் அவனுக்கு.

மேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்காமல் போடாதீர்கள் என்கிறேன்.

---

காவேரிப்பட்டணம் மாங்கனி | ஞாயிறு, மாலை 5:02

இந்த இழையில் மிக முக்கியமான பதிவு இதுதான். நன்றி அண்ணே.

---

அரூர் டீச்சர் | ஞாயிறு, இரவு 7:15

அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றும் நியாயம். ஆனாலும் சட்டப் பிரச்சினையை மறைத்து வைத்துத் தீர்க்க முடியுமா என்று யோசியுங்கள். ஷேர் ஆட்டோ எத்தனை பேரைச் சுமக்கிறது என்று எந்தக் கணக்கிலும் இல்லாததால்தான் சாலை அகலப்படுத்தும்போதும், மேம்பாலம் கட்டும்போதும், புதிய பஸ் நிலையம் போடும்போதும் உங்களுக்கு நிற்க ஓர் இடம் ஒதுக்குவதில்லை. அப்புறம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நின்றாய் என்று அபராதம். தரவு கையில் இருந்தால் உங்கள் சங்கமே கலெக்டர் அலுவலகத்தில் போய், "இத்தனை பேர் ஏறுகிற இடம் இது, இங்கே ஒரு நிழற்குடை போடுங்கள், வண்டி நிற்க இடம் விடுங்கள்" என்று கேட்கலாம்.

மினி பஸ் கதையைப் பாருங்கள். 1997-ல் ஒரு திட்டமாக வந்தது, இப்போது 2025 ஜூனில் புதிய திட்டமாகவும் ஆரம்பித்திருக்கிறார்கள். 25 கிலோமீட்டர் வரை ரூட், பஸ் போகாத ஊர்களுக்குப் போக வேண்டும் என்று விதி. பர்மிட் இருப்பதால் அவர்கள் யாருக்கும் பயப்படாமல் ஓட்டுகிறார்கள். எழுத்தில் வருவதால் பாதுகாப்பும் வரும்.

---

மூணு சக்கரம் | ஞாயிறு, இரவு 9:10

மேடம், பர்மிட் கொடுத்துவிட்டு மேப்பில் போடுங்கள். நீங்கள் மேப்பில் போட்டுவிட்டுப் பர்மிட் கேட்கச் சொல்கிறீர்கள். நடுவில் மாட்டுகிறவன் நான்.

---

தென்பெண்ணை | திங்கள், காலை 7:30

மூணு சக்கரம் அண்ணன் சொல்கிற வரிசை முக்கியம். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன்.

அவருடைய மூன்றாவது பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உலக அனுபவம் அதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வேர்இஸ்மைடிரான்ஸ்போர்ட் என்று ஒரு நிறுவனம் இருந்தது. கேப் டவுன் முதல் மெக்சிகோ நகரம் வரை பல நகரங்களில் ஆட்களை அனுப்பி இந்த மாதிரி ரூட்டுகளைச் சேகரித்தார்கள். நல்ல வேலை, பெரிய முதலீடு. 2023-ல் நிறுவனமே மூடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் கையில் தரவு இருந்தால் அந்த நிறுவனத்தின் ஆயுள்தான் மேப்பின் ஆயுள். திறந்த மேப்பில் போட்டால் பணக்காரன் எடுப்பான் என்பது உண்மைதான். ஆனால் சங்கமும் எடுக்கலாம், டீச்சர் சொன்ன மாதிரி கலெக்டரிடமும் காட்டலாம். பணக்காரனுக்கு நம் மேப் தேவையே இல்லை, நாலு ஆளை ஸ்டாண்டில் நிறுத்தி எண்ணிவிடுவான். மேப் இல்லாமல் தவிப்பது பயணிதான்.

சட்டப் பயத்துக்கு என் யோசனை: எதைப் பதிகிறோம் என்பதை நாமே அளந்துகொள்ளலாம். வண்டி நம்பர் வேண்டாம், ஓட்டுநர் பெயர் வேண்டாம், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது வேண்டவே வேண்டாம். எந்த ரோட்டில் ஷேர் ஆட்டோ கிடைக்கும், எங்கே நின்றால் கிடைக்கும், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, இவ்வளவு போதும். போலீஸ் நிற்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில் புள்ளி வைக்கக் கூடாது. பயணி எங்கே நிற்கிறார் என்பதைத்தான் குறிக்கிறோம்.

ஒரு விவரம். 2019 முதல் புதிதாக வரும் பயணிகள் வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகளுக்கு அதில் விலக்கு. ஆக ஆட்டோ எங்கே போகிறது என்பதற்குத் தானாகச் சேருகிற தரவு கிடையாது. யாராவது ஏறி உட்கார்ந்து பதிந்தால்தான் உண்டு. அதாவது, அண்ணன் சம்மதம் இல்லாமல் இந்த மேப் நன்றாகவே வராது.

---

கத்திபாரா (ஊர் பென்னாகரம், இப்போது சென்னை) | திங்கள், காலை 8:05

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பாலக்கோட்டுத் தம்பிக்கு:

தங்கை சேலம், விழுப்புரம் வழியாக வருகிற பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்குவார், 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம். தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் வர வேண்டும், இதுதான் முக்கியம். மேற்குப் பக்கத்தில் நின்றால் வண்டி கிடைக்காது. கிழக்கிலிருந்து வேளச்சேரி போகிற மெயின் ரோடு சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாகப் போகிறது. பஸ்ஸும் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. திரும்பி வரும்போதோ, வேளச்சேரியிலிருந்து போகும்போதோ விஜயநகர் சந்திப்பு என்று கேட்டால் போதும், வண்டிகள் அங்கேதான் கூடும்.

ஏறுமுன் இறங்குமிடத்தைச் சொல்லிக் காசைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். ஏறி உட்கார்ந்ததும் மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். வண்டி எந்த ரோட்டில் போகிறது என்று நீலப் புள்ளி காட்டும், இறங்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் "அண்ணா, நிறுத்துங்க" என்றோ, கம்பியில் காசால் தட்டியோ சொல்லலாம். பாலம் உள்ள இடத்தில் புள்ளியை நம்ப வேண்டாம். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று தடுமாறும். 2024-ல் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று சொல்கிற வசதி வந்தது, ஆனால் அது சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு.

மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்திருக்கிறது, ஒரே க்யூஆர் டிக்கெட். அதை ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஷேர் ஆட்டோ அதிலும் இல்லை.

---

தக்காளி மண்டி | திங்கள், காலை 8:22

மிக்க நன்றி அண்ணா. அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். நெட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறாள்.

---

தென்பெண்ணை | திங்கள், காலை 9:00

கூகுள் மேப்பில் சென்னைப் பகுதியை முன்பே டவுன்லோடு செய்து வைக்கலாம். ஆனால் நெட் இல்லாதபோது அது கார் வழிதான் சொல்லும், பஸ் வழி சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலி முழுக்க நெட் இல்லாமல் வேலை செய்யும், நடக்கிற வழியும் சொல்லும். ரயிலுக்கு, வேர் இஸ் மை ட்ரெய்ன் செயலி செல்போன் கோபுரத்தை வைத்தே வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும், அதற்கும் நெட் வேண்டாம். பெங்களூருக்காரர்கள் செய்தது, 2018-ல் கூகுள் வாங்கிக்கொண்டது.

---

நான்கு ரோடு | திங்கள், மதியம் 1:15

மூணு சக்கரம் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். மேப்பெல்லாம் அப்புறம் இருக்கட்டும். கண்ணாடியில் அட்டை மாட்டுவதற்குச் சங்கத்தில் பேச முடியுமா? "சிப்காட்", "பாகலூர் ரோடு" என்று பெரிய எழுத்தில். தமிழில் இருந்தால் போதும். என் தம்பிக்கு அதுவே பெரிய விஷயம். எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் உதவும்.

---

மூணு சக்கரம் | திங்கள், இரவு 9:40

செய்யலாம் தம்பி. இன்று ஸ்டாண்டில் பேசினேன். அட்டைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, சில பேர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ரூட் எழுதித் திருப்பி மாட்டுகிற மாதிரி செய்தால் நல்லது என்றார்கள்.

மேப் பற்றியும் பேசினேன். வயதானவர்கள் வேண்டாம் என்கிறார்கள். இளைய பையன்கள் போடலாம் என்கிறார்கள், அவர்களுக்குப் போனில் ஆள் வருவது பழக்கம். கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: பஸ் ஸ்டாண்டிலிருந்து சிப்காட் போகிற ஒரு ரூட்டை மட்டும் முதலில் போடுங்கள். போடுமுன் எங்களிடம் காட்டுங்கள். புள்ளி எங்கே வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். காசு எவ்வளவு என்று போட வேண்டாம், கேஸ் விலை ஏறினால் மாறும், பழைய விலையைக் காட்டிச் சண்டை வரும்.

---

அரூர் டீச்சர் | திங்கள், இரவு 10:05

அண்ணா, மற்றதெல்லாம் சம்மதம். கட்டணத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. புதிதாக வருகிற பெண்ணிடம் இரண்டு மடங்கு கேட்பது நடக்கிறது. உங்கள் ஸ்டாண்டைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். மேப்பில் வேண்டாம் என்றால் ஸ்டாண்டிலாவது ஒரு பலகை வையுங்கள். விலை மாறும்போது நீங்களே அழித்து எழுதலாம், சண்டையும் வராது.

---

மூணு சக்கரம் | செவ்வாய், காலை 6:10

பலகை பற்றிச் சங்கத்தில்தான் முடிவெடுக்க வேண்டும். என் பங்குக்குப் பேசுகிறேன் மேடம். வாக்குறுதி தர முடியாது.

---

தென்பெண்ணை | செவ்வாய், காலை 7:45

ஒரு ரூட் போதும், அதைச் சரியாகச் செய்தால் அடுத்ததை அவர்களே கேட்பார்கள். வருகிற ஞாயிறு ஊருக்கு வருகிறேன், ஓசூரில் இறங்கிவிடுகிறேன். உதவிக்கு இரண்டு பேர் வேண்டும்.

வேலை இதுதான்: போனில் ஓஎஸ்எம் டிராக்கர் செயலியை ஓடவிட்டு ஓரத்து இருக்கையில் உட்கார வேண்டும். திறந்த வெளியில் நாலைந்து மீட்டர் துல்லியமாகப் பதியும், பாக்கெட்டுக்குள் வைத்தால் கெட்டுவிடும். ஆள் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு பட்டனை அழுத்தி, அந்த இடத்துக்கு ஜனங்கள் சொல்கிற பெயரைக் குரலில் பதிய வேண்டும். காகிதத்தில் இருக்கிற பெயர் வேண்டாம், வண்டியில் சொல்கிற பெயர். காலை ஷிப்ட் நேரத்தில் ஒருவர், பத்து மணிக்கு மேல் மார்க்கெட் வழியில் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் அண்ணன் சொன்ன இரண்டு வழியும் கிடைத்துவிடும். ஏறுகிற ஒவ்வொரு முறையும் முழுக் காசு கொடுத்துத்தான் போக வேண்டும், ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டும்.

---

நான்கு ரோடு | செவ்வாய், காலை 8:02

நானும் தம்பியும் வருகிறோம். அவன் அந்த ரூட்டில் தினமும் போகிறவன், எங்கெங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பட்டனை அவனே அழுத்தட்டும். பெயரை மட்டும் குரலுக்குப் பதில் எழுத்தாகத் தட்டலாமா?

---

தென்பெண்ணை | செவ்வாய், காலை 8:10

தாராளமாக. எழுத்துக் குறிப்புக்கும் அதில் வசதி இருக்கிறது. போன் முழுச் சார்ஜில் இருக்கட்டும், ஜிபிஎஸ் ஓடினால் சீக்கிரம் இறங்கிவிடும்.

---

மூணு சக்கரம் | செவ்வாய், மதியம் 2:35

ஞாயிறு ஷிப்ட் கூட்டம் குறைவு, உங்களுக்கு உண்மையான நிலவரம் தெரியாது. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குள் ஸ்டாண்டுக்கு வர முடிந்தால் என் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன். முறை எனக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வரும்.